நாயின் ஊசிப் புத்தகத்தில் ‘கிரிப்டார்க்கிட்’ என்று எழுதியிருந்தால் என்ன பொருள்?

கேள்வி: பெங்களூரு லிங்கராஜபுரத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை நான். எங்கள் வீட்டுப் பொமரேனியன் ‘பட்டு’வுக்கு ஒன்பது மாதம் ஆகிறது. எட்டு வாரக் குட்டியாக வாங்கி வந்தபோதே, தடுப்பூசி போட்ட மருத்துவர் ‘வலப்பக்கம் தட்டுப்படவில்லை, மறுபடி பார்க்க வேண்டும்’ என்று ஊசிப் புத்தகத்தில் குறித்திருந்தார். சென்ற வாரம் போனபோது ‘யூனிலேட்டரல் கிரிப்டார்க்கிட், ரைட்’ என்று எழுதி, அறுவைச் சிகிச்சைக்கு நாள் பார்க்கச் சொல்லிவிட்டார். குட்டியை விற்றவரோ, ‘அது மோனார்க்கிட், பிறவியிலேயே ஒன்றுதான், ஒன்றும் செய்ய வேண்டாம், சேர்த்தால் சினை பிடிக்கும்’ என்கிறார். ஊசி போட்டு இறக்கிவிடலாம் என்று என் மகன் எங்கோ படித்திருக்கிறான். பக்கத்துத் தெருக்காரர் தம் பெண் நாயோடு ஒரே ஒருமுறை சேர்க்கக் கேட்கிறார். இரண்டு சொல்லும் ஒன்றா, வேறா? யார் சொல்வதை நம்புவது? நேரில் கேட்கக் கூச்சமாக இருந்ததால் எழுதுகிறேன்.

பதில்:

அன்புள்ள அம்மா,

இந்தக் கூச்சம் உங்களுக்கு மட்டும் உரியதன்று. தமிழ், கன்னடம், உருது என்று எந்த மொழி பேசுகிறவராக இருந்தாலும், இந்த ஓர் உறுப்பைப் பற்றிப் பேச வரும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். சிலர் ‘அந்த இடத்தில்’ என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். அதனால் மருத்துவர் எழுதிய சொல்லுக்குப் பொருள் கேட்காமலே வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். நீங்கள் கேட்டீர்கள். கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறீர்கள், ஏனென்றால் பட்டுவுக்குச் செய்ய வேண்டியது என்ன என்பது அந்த இரண்டு சொற்களுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டில்தான் அடங்கியிருக்கிறது.

கிரிப்டார்க்கிட் என்ற சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. ‘கிரிப்டோஸ்’ என்றால் மறைந்திருப்பது, ‘ஆர்க்கிஸ்’ என்றால் ஆண் விலங்கின் விதை, அதாவது விந்தகம். லால்பாக் மலர்க் கண்காட்சியில் நாம் பார்க்கும் ஆர்க்கிட் மலருக்கும் இதே வேர்தான். மண்ணுக்கடியில் அதன் கிழங்குகள் இரண்டிரண்டாக இருந்த தோற்றத்தைக் கண்டு கிரேக்கர்கள் அப்படிப் பெயரிட்டார்கள். தமிழிலும் நாம் இந்த உறுப்பை விதை என்கிறோம், விரை என்கிறோம். விரை என்பதற்கும் பழைய பொருள் விதையே. காளைக்குக் ‘காயடிப்பது’ என்னும்போது அதே உறுப்பு காயாகிறது. என் மருத்துவமனையில் உதவிக்கு இருக்கும் கன்னடப் பையன் குட்டியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ‘ஒந்தே பீஜ, சார்’ என்பான். பீஜம் என்பதும் விதைதான். அவன் கைக்கு ஒன்றுதான் தட்டுப்பட்டது என்பது அதன் பொருள். உடம்பில் ஒன்றுதான் இருக்கிறது என்று அவன் சொல்லவில்லை. அந்த வேறுபாட்டை எழுத்திலும் காப்பாற்றத்தான் மருத்துவர்களுக்குக் கிரிப்டார்க்கிட் என்ற சொல் தேவைப்படுகிறது. விதை உண்டு, இருக்க வேண்டிய பைக்குள் அது வந்து சேரவில்லை, உள்ளே எங்கோ இருக்கிறது என்பதே அதன் முழுப் பொருள்.

மோனார்க்கிட் என்பதற்கு நேர்ப்பொருள் ஒற்றை விதை உடையது. ஒரு பக்கத்து விதை உருவாகவே இல்லை, அல்லது உருவான பின் கருவிலேயே அழிந்துவிட்டது என்னும்போது மட்டுமே அந்தச் சொல் பொருந்தும். நாய்களில் அது மிக மிக அரிது. ஆயினும் நாய் வளர்ப்பவர்கள், விற்பவர்கள், ஏன், சில மருத்துவர்களும் கூட, பையில் ஒன்றுதான் தெரிகிறது என்ற அளவிலேயே இந்தச் சொல்லைப் பயன்படுத்திவிடுகிறார்கள். பழைய நாய் வளர்ப்பு நூல்களிலும் இந்தக் கலப்பு உண்டு. உங்களுக்குக் குட்டியை விற்றவர் ஏமாற்ற எண்ணிச் சொன்னார் என்று நான் கருதவில்லை. அவர் கேட்டுப் பழகிய சொல் அது. ஆனால் மறைந்திருக்கிறது என்று எழுதினால், அடுத்துப் பார்க்கும் மருத்துவர் அதைத் தேடுவார். ஒன்றுதான் என்று எழுதிவிட்டால் யாரும் தேடமாட்டார்கள். பிழையான சொல்லால் வரும் தீங்கு அவ்வளவு நேரடியானது.

விதை ஏன் இறங்காமல் போகிறது என்பதையும் சற்று விளக்க வேண்டும். கருவில் இருக்கும்போது விதைகள் வயிற்றுக்குள், சிறுநீரகங்களை ஒட்டி உருவாகின்றன. ஒவ்வொன்றின் கீழ்முனையிலிருந்தும் ஒரு நார்த்தண்டு தொடையிடுக்கு வழியாக விதைப்பை இருக்கும் இடம் வரை நீண்டிருக்கும். அதற்குக் குபர்னாகுலம் என்று பெயர். லத்தீனில் கப்பலின் சுக்கான் என்று பொருள். விதையே சுரக்கும் ஹார்மோன்களின் கட்டளைப்படி இந்தத் தண்டு முதலில் தடித்து வழியை அகலப்படுத்துகிறது, பின்னர் சுருங்கி விதையைக் கீழே கொண்டுவருகிறது. நாய்க்குட்டி பிறக்கும்போது விதைகள் இன்னும் வயிற்றுக்குள்தான் இருக்கும். பிறந்த மூன்று நான்கு நாட்களில் அவை தொடையிடுக்கைக் கடந்து, ஐந்து ஆறு வாரங்களுக்குள் பைக்கு வந்து சேரும். இந்தப் பயணம் எந்த இடத்திலும் நின்றுபோகலாம்: சிறுநீரகத்தின் பின்னால், வயிற்றின் நடுவில், தொடையிடுக்குக் கால்வாய்க்குள், அல்லது பையின் வாசலிலேயே. நாய்களில் வலப்பக்க விதை இறங்காமல் போவதே அதிகம். வலச் சிறுநீரகம் இடச் சிறுநீரகத்தை விட முன்னே இருப்பதால், அந்த விதை கடக்க வேண்டிய தூரமும் கூடுதல் என்பது இதற்கு வழக்கமாகத் தரப்படும் விளக்கம். பொமரேனியன், டாய் பூடில், யார்க்‌ஷயர் டெரியர், சிவாவா போன்ற சிறிய இனங்களில் இக்குறை மிகுதி. பெரிய இனங்களில் பாக்ஸரையும் ஜெர்மன் ஷெப்பர்டையும் சொல்லலாம்.

எட்டு வாரத்தில் விதை தட்டுப்படாதபோது உங்கள் மருத்துவர் உடனே கிரிப்டார்க்கிட் என்று எழுதாமல், மறுபடி பார்க்க வேண்டும் என்று மட்டும் குறித்தாரே, அது அவருடைய பொறுப்பைக் காட்டுகிறது. குட்டி பயந்தாலோ, மேசையின் தகரம் குளிர்ந்திருந்தாலோ, விதையைத் தாங்கும் தசை அதைச் சட்டென்று மேலே இழுத்துக்கொள்ளும். குட்டியை மல்லாத்தி மடியில் போட்டு, அது தளர்ந்து படுத்த பிறகு இடுப்பிலிருந்து கீழ்நோக்கி விரலால் மெல்ல வழித்தால், மொச்சைக்கொட்டை அளவில் வழுக்கிக்கொண்டு வரும் விதை பல நேரங்களில் பைக்குள்ளேயே போய் அமரும். அது இறங்கிய விதைதான். அந்தக் குட்டியைக் கிரிப்டார்க்கிட் என்று சொல்லக் கூடாது. நாய்களில் தொடையிடுக்கு வளையம் ஏறத்தாழ ஆறு மாதத்தில் இறுகிவிடும் என்பதால், அதுவரை பொறுத்துப் பார்த்த பிறகே இந்தச் சொல்லை உறுதியாக எழுதுவது வழக்கம். பட்டு அந்த வயதைத் தாண்டிவிட்டான். இனி அது தானாக இறங்கும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

புத்தகத்தில் இருக்கும் மற்றச் சொற்கள் எளியவை. யூனிலேட்டரல் என்றால் ஒரு பக்கம் மட்டும். இரண்டு பக்கமும் இறங்காவிட்டால் பைலேட்டரல் என்று எழுதுவார்கள். விதை நிற்கும் இடம் தெரிந்தால் இங்குவினல், அதாவது தொடையிடுக்கில், என்றோ அப்டாமினல், அதாவது வயிற்றுக்குள், என்றோ சேர்ப்பார்கள். உங்கள் குறிப்பில் இடம் எழுதப்படவில்லை என்பதால், கைக்குத் தட்டுப்படவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். அறுவைக்கு முன் ஸ்கேன் எடுப்பார்களா என்று கேட்டுவிடுங்கள். குறைக்குப் பெயர் கிரிப்டார்க்கிடிசம். குறை உள்ள விலங்கு கிரிப்டார்க்கிட்.

இதே சொல் எல்லா விலங்குக்கும் ஒரே மாதிரி பயன்படுவதில்லை. குதிரைக்காரர்கள் இறங்காத விதையுள்ள குதிரையை ரிக் என்றும் ரிட்ஜ்லிங் என்றும் சொல்வார்கள். காயடித்ததாக நம்பி வாங்கிய குதிரை பொலிக்குதிரையைப் போல நடந்துகொள்ளும்போதுதான் அந்தப் பெயர்கள் பேச்சில் வரும். மாட்டுக்குக் காயடிக்கும் பர்டிசோ இடுக்கி, பைக்கு வந்த விதையின் நாளத்தைத்தான் நசுக்கும். உள்ளே நின்ற விதைக்கு அது எட்டாது. கடுவன் பூனையின் ஆண்குறியில் சிறு முட்கள் உண்டு. காயடித்த சில வாரங்களில் அவை மறைந்துவிடும். பை வெறுமையாக இருந்தும் முட்கள் மறையாமல் இருந்தால், உள்ளே விதை இருந்து வேலை செய்துகொண்டிருக்கிறது என்று அறிகிறோம். யானைக்கோ இந்தச் சொல் பொருந்தவே பொருந்தாது. பன்னேர்கட்டாவில் நீங்கள் பார்க்கும் ஆண் யானைக்கு விதைகள் வாழ்நாள் முழுதும் சிறுநீரகத்தின் அருகிலேயே இருக்கும். அதன் இனத்துக்கு அதுதான் இயல்பு. இறங்க வேண்டிய இனத்தில் இறங்காமல் போனால்தான் அது குறை.

விதை உள்ளேயே இருந்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பீர்கள். நாயின் உடல்வெப்பம் ஏறத்தாழ 38.5 டிகிரி செல்சியஸ். விந்தணு உருவாக அதைவிடச் சில டிகிரி குளிர்ச்சி வேண்டும். அதற்காகத்தான் பை உடம்புக்கு வெளியே தொங்குகிறது. வயிற்றின் சூட்டில் இருக்கும் விதை விந்தணுவை உண்டாக்காது. ஆனால் ஆண் ஹார்மோனைச் சுரப்பதை அது நிறுத்துவதில்லை. அதனால்தான் இரண்டு பக்கமும் இறங்காத நாய் காலைத் தூக்கிச் சிறுநீர் கழிக்கும், பெண் நாயைத் தேடி ஓடும், சினை மட்டும் பிடிக்காது. ஒரு பக்கம் இறங்கியிருந்தால் அந்த ஒன்றே சினைக்குப் போதும். சேர்த்தால் சினை பிடிக்கும் என்று உங்களிடம் சொன்னவர் அந்த அளவில் சரியாகத்தான் சொன்னார். மறைந்திருக்கும் விதையில் கட்டி வரும் வாய்ப்பு, இறங்கிய விதையோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ பத்து மடங்கு என்பதை அவர் சொல்லவில்லை. உள்ளே தொங்கும் விதை தன் காம்பில் முறுக்கிக்கொண்டு கடும் வயிற்றுவலியை உண்டாக்குவதும் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் காக்ஸ் டவுனிலிருந்து ஒரு பெரியவர் தம் பத்து வயதுக் காக்கர் ஸ்பானியலைத் தோல் நோய் என்று சொல்லி அழைத்து வந்தார். இரண்டு விலாவிலும் கண்ணாடியில் பார்த்ததுபோல் ஒரே அளவில் முடி உதிர்ந்து, தோல் கறுத்து மெலிந்திருந்தது. முலைக்காம்புகள் பால் கொடுக்கும் பெண் நாய்க்குப்போல் தடித்திருந்தன. தெருவில் ஆண் நாய்கள் இதன் பின்னால் வருகின்றன, வெளியே கூட்டிப்போக முடியவில்லை என்று அவர் வருந்தினார். அவர் கொண்டுவந்த பழைய தாளில் வேறொரு மருத்துவமனையின் முத்திரையோடு இரண்டே வரி: ‘மோனார்க்கிட். காயடிக்கப்பட்டது.’ பையிலிருந்த ஒரு விதையை மட்டும் எடுத்துவிட்டு அனுப்பியிருந்தார்கள். வயிற்றில் கை வைத்தபோது, சிறுநீர்ப்பைக்கு முன்னால் சாத்துக்குடி அளவில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. அது உள்ளே மறைந்திருந்த விதையில் வளர்ந்த செர்ட்டோலி செல் கட்டி. பெண் ஹார்மோனைச் சுரக்கக்கூடியது. அந்த ஹார்மோன் எலும்பு மஜ்ஜையையும் முடக்கிவிடும். இரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் 30,000க்கும் கீழே இருந்தன. ஆரோக்கியமான நாய்க்கு இரண்டு லட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். இரத்தம் ஏற்றி, கட்டியை அகற்றினோம். மஜ்ஜை மீளவில்லை. மூன்றாவது வாரம் அது இறந்துவிட்டது. ‘ஒன்றுதான் என்று எழுதிக் கொடுத்தார்களே, டாக்டர்’ என்று அந்தப் பெரியவர் கேட்ட கேள்வி இன்னும் என்னோடு இருக்கிறது. ஒரு சொல்லுக்காக நான் இவ்வளவு நீட்டி எழுதுவதன் காரணம் அவர்தான்.

உங்கள் மகன் படித்தது பெரும்பாலும் மனிதக் குழந்தைகளைப் பற்றியதாக இருக்கும். ஆண் குழந்தைக்கும் இதே பெயரில் இதே குறை உண்டு. அங்கே அந்த விதையைக் காப்பாற்றுவதே நோக்கம்; ஆறு மாதத்துக்குப் பிறகும் இறங்காவிட்டால், ஏறத்தாழ ஒன்றரை வயதுக்குள் அறுவை செய்து பையில் இறக்கிப் பொருத்திவிடுவார்கள். நாய்க்கு ஹார்மோன் ஊசியால் விதையை இறக்குவதற்கு நம்பத்தக்க பலன் கிடைப்பதில்லை. ஒருவேளை இறங்கினாலும், பரம்பரைக் குறையை மறைத்து அந்த நாயைச் சேர்க்கைக்கு விடுவதற்கே அது உதவும் என்பதால், அறுவை செய்து பையில் பொருத்துவதையும் கால்நடை மருத்துவத்தில் முறைகேடாகவே கருதுகிறோம். உலக நாய் அமைப்பான எஃப்.சி.ஐ.யின் இன வரையறைகள் ஒவ்வொன்றிலும், ஆண் நாய்க்கு இயல்பான தோற்றமுடைய இரண்டு விதைகள் பைக்குள் முழுமையாக இறங்கியிருக்க வேண்டும் என்ற வரி இருப்பதும் இதற்காகவே.

பக்கத்துத் தெருக்காரருக்கு இல்லை என்று சொல்லிவிடுங்கள். ஒரே ஒருமுறைதானே என்று அவர் கேட்பது புரிகிறது. ஆனால் அந்த ஒருமுறையிலேயே சில குட்டிகள் பிறக்கலாம். இந்தக் குறை பரம்பரையாக வருவது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் வருவது. பெண் குட்டியிடம் இது வெளியே தெரியவே தெரியாது, ஆனால் அது தன் குட்டிகளுக்குக் கடத்தும். ஆகவே பட்டுவின் தந்தைக்கு இரண்டு விதையும் சரியாக இருந்தது என்று யாராவது காட்டினாலும், அதனால் எதுவும் நிரூபணம் ஆகாது. குட்டியை விற்றவருக்கும் இந்தச் செய்தியை அமைதியாகத் தெரிவியுங்கள். அதே ஜோடியை மறுபடி சேர்க்காமல் இருப்பது அவருடைய கடமை.

அறுவையைப் பொறுத்தவரை என் ஆலோசனை தெளிவானது: செய்துவிடுங்கள், இரண்டு விதைகளையும் எடுக்கச் சொல்லுங்கள். இறங்கிய விதையை மட்டும் எடுப்பது அரைகுறை வேலை. இறங்காததை மட்டும் எடுத்தால் சேர்க்கைக்கு வழி திறந்தே இருக்கும். பட்டுவின் வயதில் இது ஆபத்து குறைந்த அறுவை. மயக்கம் கொடுத்து, தசைகள் தளர்ந்த பிறகு மருத்துவர் தொடையிடுக்கில் மறுபடி தடவிப் பார்ப்பார். விழிப்பில் தட்டுப்படாத விதை அப்போது சிக்குவதும் உண்டு. அங்கே இல்லையென்றால் வயிற்றைத் திறந்து, சிறுநீர்ப்பையை மெல்லத் திருப்பி, அதன் பின்புறத்தில் விந்துக்குழாயைக் கண்டுபிடித்து, அதைப் பிடித்துக்கொண்டே போனால் மறுமுனையில் விதை இருக்கும். இதைச் சிறு துளை வழியாகக் கொக்கி விட்டுத் துழாவிச் செய்வது கூடாது. அப்படிச் செய்யும்போது சிறுநீர்க்குழாயும் சுக்கிலச் சுரப்பியும் காயப்படலாம். வயிற்றுக்குள் விதை இருந்தால் தையல் சற்றுப் பெரியதாக இருக்கும், கட்டணமும் சாதாரணக் காயடிப்பை விடக் கூடும். அதைக் கண்டு கலங்க வேண்டாம். இரண்டாவது கருத்துக் கேட்க விரும்பினால், ஹெப்பாளில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துச் செல்லலாம்.

அறுவை முடிந்ததும், எடுத்த இரண்டு விதைகளையும் காட்டச் சொல்லுங்கள். கேட்பதில் தவறு ஒன்றுமில்லை. நான் கேட்காதவர்களுக்கும் காட்டுகிறேன். உள்ளே இருந்தது பொதுவாக மற்றதை விடச் சிறியதாகவும் மென்மையாகவும் இருக்கும். பெரிதாகவோ கட்டிபட்டோ தெரிந்தால் ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஊசிப் புத்தகத்தில் ‘காயடிக்கப்பட்டது’ என்ற ஒற்றைச் சொல்லோடு விடாமல், இரண்டு விதைகளும் அகற்றப்பட்டன, வலது விதை எந்த இடத்தில் இருந்தது என்பதையும் மருத்துவர் தம் கையால் எழுதி, தேதியிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவேளை முழுதும் தேடியும் வல விதை கிடைக்காவிட்டால், ‘மோனார்க்கிட்’ என்று எழுதி முடித்துவிட அனுமதிக்காதீர்கள். ‘கிடைக்கவில்லை’ என்று எழுதச் சொல்லுங்கள். ஆன்டி மியூலேரியன் ஹார்மோன் என்ற இரத்தப் பரிசோதனை ஒன்று உண்டு. உடம்பில் எங்காவது விதைத் திசு மிஞ்சியிருந்தால் அது காட்டிக்கொடுக்கும். எடுக்கும் நாளை மருத்துவரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

அறுவைக்கு முந்தைய நாள் இரவு எட்டு மணிக்குப் பிறகு உணவு வேண்டாம். தண்ணீரை எப்போது நிறுத்துவது என்பதை மயக்கம் கொடுப்பவர் சொல்வார். வீட்டுக்கு வந்த பின் பத்து நாட்களுக்குக் கழுத்துக் கூம்பைக் கழற்றாதீர்கள், குளிப்பாட்டாதீர்கள். பட்டு எவ்வளவு கெஞ்சினாலும், தையல் ஆறும் வரை சோபாவிலிருந்து குதிக்க விடாதீர்கள்.